கடைசியாகக் கடிதம் படித்த நேரம்

மகளுக்கான கடிதத்தை டெல்பர்ட் குவிஸ்ட் எட்டு நாள் எழுதினார். மொத்தம் பதினோரு வரி. வேலை விஷயமாகக் கணினியில் ஒரு நாளைக்கு முப்பது கடிதம் தட்டுகிறவர் அவர். லண்டனிலிருந்து ஹவாய் வரைக்கும் விரிந்த ஒரு கணினி வலையில் கோக்கப்பட்டிருந்த எந்தக் கணினியிலிருந்து யார் கேள்வி கேட்டாலும், கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் பதில் போட்டுவிடுவார் என்று பெயர் வாங்கியவர்.

மகள் இன்கிரிட் எழுதியிருந்தது நான்கே வரி. "மே இருபதாம் தேதி, சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு எனக்கும் நேட்டுக்கும் கல்யாணம். இங்கே கேம்பிரிட்ஜில், ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் சின்ன தேவாலயத்தில். பெரிய கூட்டமெல்லாம் கிடையாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது."

வாருங்கள் என்று அதில் இல்லை. வர வேண்டாம் என்றும் இல்லை. டெல்பர்ட் அதை அச்சடித்து எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். ஒரு நாளில் பலமுறை இழுப்பறையைத் திறந்தார்.

கலிஃபோர்னியா ஆய்வகத்தில் அவருக்கு எதிர் மேசையில் வேலை பார்த்த லோயிஸ் டகேடா மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். வலையில் சேரும் ஒவ்வொரு கணினியின் பெயரையும் பட்டியலில் ஏற்றுவது அவள் வேலை. புதிதாக ஒரு ஊர் சேர வேண்டுமென்றால் அவளுக்கு ஃபோன் செய்து சொல்ல வேண்டும். அவள் மத்தியானம் சாப்பிடப் போயிருந்தால் அந்த ஊர் காத்திருக்க வேண்டும். அப்படி எல்லாரையும் விசாரித்தே பழகியவள்.

"என்ன டெல், இழுப்பறைக்குள்ள பூனை ஏதும் வளர்க்கிறீங்களா? அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கறீங்க."

அவர் தாளை நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள்.

"டிக்கெட் போட்டாச்சா?"

"அவ கூப்பிடலையே."

"கல்யாணம்னு எழுதியிருக்காளே."

"தெரிஞ்சிருக்கணும்னு எழுதியிருக்கா. தெரிஞ்சுக்கிட்டேன்."

லோயிஸ் தாளை மேசையில் வைத்தாள். "உங்களுக்கு இந்த வலையில நாப்பத்தஞ்சு கணினியோட பேசத் தெரியும். ஒரு பொண்ணுகிட்ட பேசத் தெரியல. ஃபோன் பண்ணிக் கேளுங்க."

அது அவரால் ஆகாத காரியம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அறுபத்தொன்பதின் இலையுதிர் காலத்தில், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் அவர் வேலை பார்த்த கம்பெனி, கணினிகளை இணைப்பதற்காகக் குளிர்பதனப் பெட்டி அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைச் செய்து கலிஃபோர்னியாவுக்கு விமானத்தில் ஏற்றியது. அதைக் கொண்டுபோய் இறக்கி, தொலைபேசிக் கம்பியில் பூட்டி, ஓடவைத்துவிட்டு வர வேண்டும். ஆறு வாரம் என்றார்கள். இன்கிரிட்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. சமையலறை மேசையில் இரண்டு உப்புக் குப்பிகளை வைத்து நடுவில் நூலைக் கட்டி அவளுக்கு விளக்கினார். இந்தக் கடைசியில் ஒரு கணினி, அந்தக் கடைசியில் ஒரு கணினி. நூல் கட்டியாகிவிட்டால் தூரம் என்பதே இருக்காது.

"அப்ப கட்டிட்டு வந்துடுங்க" என்றாள் இன்கிரிட்.

அந்தப் பெட்டி ஓடியது. அடுத்தது வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. ஆறு வாரம் ஆறு மாதமானது. பிறகு கேம்பிரிட்ஜ் வேலையை விட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவிலேயே ஒரு ஆய்வகத்தில் சேர்ந்துகொண்டார். அவர் மனைவி காரின், மகளோடு கேம்பிரிட்ஜிலேயே இருந்துவிட்டாள். வக்கீல்கள் எழுதிய தாள்களில் இருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்கு ஃபோன் செய்வார். பள்ளிக்கூடம் எப்படி, நல்லா இருக்கு, சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். மூவாயிரம் மைல் தூரத்து மூச்சை நிமிஷக் கணக்கில் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சரி" என்பார்கள். வாரம் ஒன்று மாதம் ஒன்றாகி, பிறகு நின்றுபோயிற்று.

அவள் கல்லூரியில் கடல்வாழ் உயிரினங்களைப் படித்தாள். கணினிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் மூன்று வருஷத்துக்கு முன்னால், கேம்பிரிட்ஜில் ஒரு கணினி ஆய்வகத்துக்குள் நடந்துபோய், எனக்கு ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டும், உள்ளே விடுவீர்களா என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலை எட்டு மணிக்கு முன்னால், ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சேர்வதற்குள், கணினி சும்மா கிடக்கும் நேரத்தில் வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் வந்து பயன்படுத்திக்கொள்ளலாம். யாரும் எதையும் பூட்டிவைக்க மாட்டார்கள். யாருடைய கடிதத்தையும் யாரும் திறக்கலாம், அதனாலேயே யாரும் திறக்க மாட்டார்கள்.

ஒரு புதன்கிழமை டெல்பர்ட்டின் திரையில், "அப்பா, இது வந்து சேர்கிறதா என்று பார்க்கிறேன். இ." என்று ஒரு கடிதம் வந்து நின்றது. அதற்குப் பிறகு மூன்று வருஷத்தில் நாற்பது கடிதம். பனி, தவளைகள், நேட் என்று ஒருவன். ஃபோனில் மூச்சாக மட்டும் இருந்தவர்கள் எழுத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மனிதர்களானார்கள். அந்த எழுத்தை விட்டுவிட்டு மறுபடி ஃபோனுக்குப் போவதா? அவருக்குக் கை வரவில்லை.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, கடிதம் முடிந்தது. கடைசி வரிகளை லோயிஸ் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். "நான் கல்யாணத்துக்கு வரட்டுமா? உன்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. வர வேண்டாம் என்றால் பதில் எழுதக்கூட வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்."

"அந்தக் கடைசி ரெண்டு வரிய எடுத்துடுங்க" என்றாள் லோயிஸ்.

"ஏன், மரியாதையாத்தானே இருக்கு?"

"மரியாதைதான். பதில் வராட்டி என்ன பண்ணுவீங்க? அவ படிச்சாளா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

டெல்பர்ட் கொஞ்சம் பெருமையாகவே சிரித்தார். "அது தெரியும்."

அதைக் காட்டுவது அவரே எழுதிய கணினி நிரல். 'எட்டிப்பார்' என்று பெயர். நண்பரின் பெயரையும் ஊரையும் தட்டினால், அவர் இப்போது கணினி முன்னால் இருக்கிறாரா, எப்போது எழுந்து போனார் என்று காட்டும். கதவைத் தட்டாமல் சன்னல் வழியாகத் தலையை நீட்டுவதைப் போல. இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எல்லாருக்கும் பிடித்தது கடைசி வரி: 'கடைசியாகக் கடிதம் படித்தது' என்று போட்டு, கிழமையும் மணியும் காட்டும். ஒருவருடைய கடிதக் கோப்பு கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று கணினி தானாகவே குறித்துவைக்கும். நிரல் அந்த நேரத்தை எடுத்துக் காட்டியது, அவ்வளவுதான். இந்த வரியைச் சேர்த்த அன்றைக்கு டெல்பர்ட் அரைநாள் யோசித்தார். கோப்பு திறந்தால் படித்ததாகத்தானே அர்த்தம்? ஒருவர் கடிதத்தை வேறு யார் திறக்கப்போகிறார்கள்? சரி என்று பட்டது.

கடிதத்தை அனுப்பிவிட்டு அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனார். கோட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். சுமாராகத்தான் இருந்தது. கடைக்குப் போய் புதிதாக ஒன்று வாங்கினார்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வந்ததும் எட்டிப் பார்த்தார்.

'இன்கிரிட் குவிஸ்ட். கடைசியாகக் கடிதம் படித்தது: செவ்வாய், காலை 7:14.'

வெளியாட்களின் நேரம். எப்போதும் அந்த நேரத்துக்குத்தான் அவள் வருவாள். படித்துவிட்டாள். உடனே எழுத வராது, யோசிப்பாள், எட்டு மணிக்குள் எழுந்துவிட வேண்டும் வேறு. நாளைக்கு எழுதுவாள்.

புதன்கிழமை அந்த வரி மாறவில்லை. செவ்வாய், காலை 7:14. அவள் மறுபடி வரவில்லை. வியாழன், வெள்ளி. அடுத்த திங்கள். ஒவ்வொரு காலையும் அதே கிழமை, அதே நிமிஷம். அவளுடைய முகம் என்று நினைக்க முயன்றால் அவருக்கு அந்த எண்கள்தான் வந்தன. அந்தப் பதினாலாம் நிமிஷத்தில் அவள் அவர் கேள்வியைப் படித்திருக்கிறாள். படித்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி, எழுந்து, காலை வெயிலில் வெளியே நடந்து போயிருக்கிறாள்.

"இன்னிக்கே ஃபோன் பண்ணுங்க" என்றாள் லோயிஸ், கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில். "இல்லாட்டி கேக்காம போய் நில்லுங்க. அடிச்சா துரத்தப் போறாங்க?"

"லோயிஸ், அவ படிச்சுட்டா. படிச்சுட்டு எழுதல. நான்தானே சொன்னேன், வேண்டாம்னா எழுத வேண்டாம்னு. சொன்ன வார்த்தைய அவ காப்பாத்தியிருக்கா. நான் போய் நின்னா என்ன மனுஷன்?"

"படிச்சாளா, திறந்தாளா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

லோயிஸ் தன் பட்டியலுக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கும் அந்த நிரலின் மேல் நம்பிக்கை இருந்தது. எல்லாருக்கும் இருந்தது.

சனிக்கிழமை டெல்பர்ட் ஆய்வகத்துக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் மணி மூன்று அடிக்கும்போது இங்கே பன்னிரண்டு. வெளியே சிலர் புல்தரையில் பிளாஸ்டிக் தட்டு வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர் கைகளை மேசைமேல் வைத்து உட்கார்ந்தார். பன்னிரண்டேகால் வரை அப்படியே இருந்தார். இதற்குள் மோதிரம் மாற்றியிருப்பார்கள் என்று தோன்றியபோது எழுந்துபோய், கூடத்து இயந்திரத்தில் காசு போட்டு வேர்க்கடலை பாக்கெட் ஒன்று எடுத்து, முழுவதையும் நின்றபடியே தின்றார்.

அடுத்த புதன்கிழமை காலை, கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ராஸ்கோ பீல் என்பவரிடமிருந்து கடிதம் வந்தது. நிரலில் குறை கண்டால் எழுதியவருக்கே நேராக எழுதிவிடுவது அவர்களுக்குள் வழக்கம். ராஸ்கோ இப்படி எழுதினால் கிண்டல் இல்லாமல் இருக்காது.

"டெல், உங்க எட்டிப்பார் அழகாப் பொய் சொல்லுது. போன ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, வெளியாட்களோட கடிதக் கோப்புகளையெல்லாம் கணினியோட பழைய வட்டிலிருந்து புது வட்டுக்கு மாத்தினேன். அதுக்காக அவங்க யாரையும் மூணு வாரத்துக்கு வர வேண்டாம்னு முதல் நாளே கதவுல எழுதி ஒட்டிட்டேன். படியெடுக்கணும்னா ஒவ்வொரு கோப்பையும் திறந்துதானே ஆகணும்? இப்ப உங்க நிரல் என்ன சொல்லுது தெரியுமா? முப்பத்தொரு பேரும் அன்னிக்குக் காலைல ஏழு பத்துலேர்ந்து ஏழு பதினாறுக்குள்ள வரிசையா உக்காந்து கடிதம் படிச்சாங்களாம். பேராசிரியர் ஓல்ஸன் பிப்ரவரியிலேயே போய்ச் சேர்ந்துட்டார். அவரும் ஏழு பன்னிரண்டுக்கு வந்து படிச்சுட்டுப் போயிருக்கார். முடிஞ்சா சரி பண்ணுங்க. அவசரமில்லை."

டெல்பர்ட் அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை படிக்கும்போது ஏழு பதினாலைத் தேடினார். அது எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் ஏழு பத்துக்கும் ஏழு பதினாறுக்கும் நடுவில்தான் இருந்தது.

"லோயிஸ்" என்றார். அவள் எழுந்து வந்து படித்தாள். சிரிக்க ஆரம்பித்து, ஓல்ஸன் வரியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். தன் மேசையிலிருந்த தொலைபேசியைக் கம்பியோடு தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

மகளின் ஃபோன் எண் அவரிடம் இரண்டு வருஷமாக இருந்தது. ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"இன்கிரிட். அப்பா பேசறேன்."

அந்தப் பழைய மூச்சு. பிறகு, "சொல்லுங்க. வீட்டக் காலி பண்ணிக்கிட்டிருக்கோம். நாளைக்குக் கிளம்பறோம்."

"எங்க?"

"நோவா ஸ்கோஷியா. நேட்டுக்கு அங்க ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்துல வேலை."

"அங்க கணினி இருக்கா?"

"அங்க மீன்தான்பா இருக்கு."

அவர் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். "நான் உனக்கு ஒரு கடிதம் போட்டேன். எட்டாம் தேதி."

"பாக்கல. எங்கள விடலையே, கதவுல எழுதி ஒட்டிட்டாங்க. அப்புறம் கல்யாண வேலை. என்ன எழுதியிருந்தீங்க?"

பதினோரு வரியும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. எட்டு நாள் எழுதியது. ஆனால் வாயால் சொல்ல வந்தபோது ஒரு வரிதான் கிடைத்தது.

"நான் வரட்டுமான்னு கேட்டிருந்தேன்."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கும் சத்தம். அட்டைப்பெட்டியாக இருக்கலாம்.

"கேட்டிருந்தீங்களா" என்றாள்.

"பதில் வராட்டி வேண்டாம்னு எடுத்துக்கறேன்னு எழுதியிருந்தேன். நீ படிச்சுட்டன்னு காட்டுச்சு. என்னோட நிரல்தான் காட்டுச்சு. அது தப்பு. இப்பதான் தெரிஞ்சுது. நீ படிச்சுட்டு..."

"நான் மணி எழுதியிருந்தேனேப்பா."

"என்ன?"

"மூணு மணின்னு எழுதியிருந்தேன். தேவாலயம் எங்க இருக்குன்னு எழுதியிருந்தேன். தெரிவிக்க மட்டும்னா தேதி போதாதா? வேற எதுக்கு ஒருத்தருக்கு மணி எழுதுவாங்க?"

டெல்பர்ட் இழுப்பறையைத் திறக்கவில்லை. மூன்று மணி என்ற அந்த இரண்டு சொற்கள் எந்த வரியில், எந்த இடத்தில் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும்.

"மூணேகால் வரைக்கும் நான் ஆரம்பிக்க விடல" என்றாள் இன்கிரிட். அவள் அழவில்லை. பட்டியல் படிப்பதைப் போலச் சொன்னாள். "பாதிரியார் ரெண்டு தடவை வந்து பாத்தார். விமானம் லேட்டாயிருக்கும், டிராஃபிக்ல மாட்டியிருப்பார்னு அம்மா சொன்னாங்க. அம்மாவே சொன்னாங்க. அப்புறம் உங்களுக்குப் பதிலா மாமாதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனார்."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுதான்" என்றாள். "ஒண்ணு கேக்கறேன். பன்னெண்டு நாள் நான் எழுதல. பன்னெண்டு நாள்ல ஒரு தடவை ஃபோன் பண்ணி, ஏன்டி எழுதலன்னு கத்தணும்னு தோணலையா உங்களுக்கு?"

அவர் உண்மையைச் சொன்னார். "தோணுச்சு."

"அப்புறம்?"

"படிச்சுட்டன்னு எழுதியிருந்துதே."

அவள் சிரித்தாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"இப்ப வரட்டுமா?" என்று கேட்டார். "இன்னிக்கு ராத்திரி விமானம் இருக்கும். காலைல வந்துடலாம். பெட்டி தூக்கவாவது."

"எல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சுப்பா" என்றாள். அவர் என்னவென்று கேட்கவில்லை, அவளே சொன்னாள். "நாற்காலி, மேசைத்துணி, எல்லாம். திங்கட்கிழமையே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப வந்தா எங்க உக்காருவீங்க?"

பின்னால் நேட் ஏதோ கேட்டான். அவள் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள். மறுபடி ஃபோனுக்கு வந்தாள்.

"அந்த ஊர்ல வீடு கிடைச்சதும் கூப்பிடறேன். எப்பன்னு தெரியாது. உங்க வீட்டு நம்பர் சொல்லுங்க, ஆஃபீஸ் வேண்டாம்."

சொன்னார். அவள் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"அப்பா, நான் கூப்பிடாம இருந்தா, அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சு வெச்சுக்காதீங்க. கூப்பிடலன்னா கூப்பிடல, அவ்வளவுதான்."

"சரி."

இந்த முறை அவர் மட்டும்தான் "சரி" என்றார்.

அன்று மத்தியானம் டெல்பர்ட் நிரலைத் திறந்து அந்த வரியை எடுத்தார். ஆறு நிமிஷ வேலை. படித்தது என்பதைத் திறந்தது என்று மாற்றினால் போதாதா என்று லோயிஸ் கேட்டாள். போதும்தான், சரியாகவும் இருக்கும். ஆனாலும் அவர் வரியையே எடுத்துவிட்டார். ராஸ்கோவுக்கு, சரிசெய்தாயிற்று, நன்றி என்று எழுதினார். வேறொன்றும் எழுதவில்லை. ராஸ்கோ மீது தவறில்லை. ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு மாற்றினார், வேலை அது.

வார இறுதிக்குள் நாலாபுறமிருந்தும் கடிதங்கள் வந்தன. அந்த வரி எங்கே போயிற்று? அதற்காகத்தானே வைத்திருந்தோம்? லண்டனிலிருந்து ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார். இனிமேல் நாங்கள் எழுதியதை அவர்கள் படித்தார்களா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டெல்பர்ட் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார், வழக்கத்தைவிடத் தாமதமாக. தெரிந்துகொள்ள முடியாது என்று எழுதினார்.

ஒன்பது வருஷமாகத் தூங்க மட்டும் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு இப்போது ஐந்தரை மணிக்கே போகிறார். தகர டப்பா சூப்பைச் சூடுபடுத்தி, தொலைபேசி இருக்கும் சுவரோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு குடிக்கிறார். சூரியன் அந்தப் பக்கச் சன்னலில் மெதுவாக இறங்கும். அடுத்த வீட்டில் மணி அடித்தால் கரண்டி நின்றுவிடும்.

ஜூன் முடிந்து ஜூலையும் பாதி போய்விட்டது. அவள் கூப்பிடவில்லை. வீடு கிடைத்திருக்காது என்று ஒருநாள் தோன்றியது. கிடைத்திருக்கும், ஆனால்... என்று இன்னொரு நாள் தோன்றியது. இரண்டு முறையும் அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். சூப்புக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.